நடைப்பயிற்சிக்கு விழிக்காத தசை இழைகள்

கேள்வி: எனக்கு வயது 44. ஐந்து வாரங்களாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியாத அளவுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. "லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, ஓடினால் கரையும்" என்றார் உடன் வரும் நண்பர். "தசை இழை கிழிந்து புது இழை முளைக்கிறது, வலிக்க வலிக்க நல்லது" என்கிறார் பயிற்சியாளர். 5 கிலோ டம்பெல்லில் தொடங்கி இப்போது 8 கிலோ தூக்குகிறேன். ஆனால் கையின் சுற்றளவு அப்படியேதான் இருக்கிறது, சதை ஏறவே இல்லை. இன்னொன்று: 71 வயதான என் அப்பா தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறார். ஆனாலும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. இவ்வளவு நடப்பவருக்கு ஏன் கால் வலு குறைகிறது?

பதில்: உங்களுடைய கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை தசை இழையின் அமைப்பிலேயே இருக்கிறது. அதற்குள் போகும்முன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேச்சு வழக்கில் "தசைநார்" என்று மூன்று வெவ்வேறு பொருள்களைச் சொல்கிறோம்: சுருங்கி விரியும் தசை இழை, தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் மூட்டுநாண். மூன்றும் வேறு வேறு திசுக்கள். அடிபட்டால் ஆறும் வேகமும் வேறு. "தசைநார் கிழிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எது என்று கேட்டுவிடுங்கள். இங்கே நான் பேசப்போவது தசை இழையைப் பற்றி மட்டுமே.

தசை இழை என்பது ஒரே ஒரு செல். தலைமுடியின் தடிமனை ஒட்டியது, பல இழைகள் அதைவிட மெல்லியவை. ஆனால் நீளம் பல சென்டிமீட்டர் வரை போகும். கருவில் வளரும்போது நூற்றுக்கணக்கான சிறு செல்கள் வரிசையாக ஒட்டி ஒன்றாகிவிட்டதால், ஒவ்வோர் இழைக்குள்ளும் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் கிடக்கின்றன. அப்படி ஒன்றான பிறகு அந்த இழையால் இரண்டாகப் பிரிந்து பெருக முடியாது. எனவே ஒரு தசையில் எத்தனை இழைகள் என்பது ஏறக்குறையப் பிறக்கும்போதே தீர்ந்துவிட்ட கணக்கு. பயிற்சியால் வளர்வது, பயிற்சியின்றி மெலிவது எல்லாம் இழையின் பருமனில்தான். "புது இழை முளைக்கிறது" என்ற பயிற்சியாளரின் பேச்சு இங்கேயே பிசகிவிடுகிறது.

இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே நூற்றுக்கணக்கில், பெரிய இழையானால் ஆயிரத்துக்கும் மேல், நுண்ணிழைகள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். ஒரு நுண்ணிழையின் தடிமன் 1 முதல் 2 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அந்த நுண்ணிழை நெடுகிலும் சார்கோமியர் என்ற அறைகள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன. ஓர் அறையின் நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 4,000 அறைகள். ஒவ்வோர் அறையும் அரை மைக்ரோமீட்டர் குறுகினால் போதும், அந்த ஒரு சென்டிமீட்டர் 2 மில்லிமீட்டர் சுருங்கிவிடும். எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் குறுகுவதால் கூடுதல் நேரமும் பிடிக்காது. தலைக்குத் தலை கோத்த அறைகள் வேகத்தையும் வீச்சையும் தருகின்றன, பக்கத்துக்குப் பக்கம் அடுக்கிய நுண்ணிழைகள் விசையைத் தருகின்றன. பருத்த தசைக்கு ஏன் வலு அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

அறைக்குள்ளே மையோசின் என்ற புரதத்தாலான தடித்த கம்பிகளும் ஆக்டின் என்ற புரதத்தாலான மெல்லிய கம்பிகளும் ஒன்றுக்குள் ஒன்று கைவிரல் கோத்ததுபோல் இருக்கின்றன. தசை சுருங்கும்போது இந்தக் கம்பிகள் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன. 1954-ல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேவும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு பக்கம், தனித்தனியே இதைக் கண்டு ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டார்கள். மையோசினிலிருந்து துருத்தி நிற்கும் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுத்து, விட்டு, அடுத்த இடத்தைப் பற்றுகின்றன. படகில் துடுப்புப் போடுவதைப் போன்ற வேலை. பற்றிய பிடியை விடுவதற்கும் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு வேண்டும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். இறந்தவர் உடல் சில மணி நேரத்தில் விறைப்பது இதனால்தான்: ஏடிபி தீர்ந்துவிடுகிறது, தலைகள் பற்றியது பற்றியபடி நின்றுவிடுகின்றன.

எப்போது பற்றலாம் என்று சொல்வது கால்சியம். நரம்பின் செய்தி இழையை எட்டியதும், அதன் உள்ளேயே இருக்கும் வலை போன்ற பையிலிருந்து கால்சியம் கொட்டுகிறது. அது ட்ரோப்போனின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ள, ஆக்டினை மறைத்திருக்கும் திரை விலகுகிறது. வேலை முடிந்ததும் அதே கால்சியத்தை இழை உறிஞ்சிப் பைக்குள் வைத்துக்கொள்கிறது. இழை தன் சொந்த இருப்பையே திரும்பத் திரும்பப் புழங்குகிறது. எனவே வலு வேண்டும் என்று அப்பாவுக்குக் கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் தசையின் வலு ஏறாது. எலும்புக்காக மருத்துவர் எழுதியிருந்தால் அது வேறு.

இப்போது உங்கள் தொடை வலிக்கு வருவோம். லாக்டிக் அமிலத்தின்மேல் நெடுங்காலமாக வீண்பழி சுமத்தப்பட்டு வருகிறது. கடும் பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் (உடலுக்குள் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்), ஓய்வெடுத்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இதயமும் பிற தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. மூன்றாம் நாள் வலிக்க அங்கே லாக்டேட் தேங்கியிருக்கவில்லை.

வலிக்கக் காரணம், சுமையைத் தாங்கிக்கொண்டே தசை நீண்டதுதான். உட்கார்ந்து எழும் பயிற்சியில் கீழே இறங்கும் பாதியையும், டம்பெல்லை மெல்ல இறக்கும் பாதியையும் நினைத்துப் பாருங்கள். மையோசின் தலைகள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கம்பிகள் எதிர்த்திசையில் பிடுங்கப்படுகின்றன. இறக்கும்போது குறைவான இழைகளே வேலையில் இருப்பதால் ஒவ்வோர் இழைக்கும் சுமை கூடுகிறது. வலு குறைந்த அறைகள் அளவுக்கு மீறி இழுபட்டு, அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவர் கோணலாகிறது. பழுது பார்க்க அழற்சிச் செல்கள் வந்து சேர்கின்றன, அவை வெளியிடும் பொருள்கள் வலி நரம்புகளைக் கூர்மையாக்குகின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிப்பதால்தான் வலி உடனே தெரியாமல் 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்கு வருகிறது. மாடி ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம் வலித்ததும் இதனால்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது.

ஓடினால் எதுவும் கரையாது. மெதுவாக நடந்தால் அந்த நேரத்துக்கு வலி மட்டுப்படும், அவ்வளவே. வலிக்க வலிக்க நல்லது என்பதும் சரியல்ல. அதே பயிற்சியை இரண்டு வாரம் கழித்துச் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும், ஆனால் வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. நெடுநாள் பயிற்சி செய்பவர்களுக்குப் பெரும்பாலும் வலியே இருக்காது, தசை வளர்ந்துகொண்டுதான் இருக்கும். புதிய பயிற்சியை முதல் நாளில் ஒன்றிரண்டு சுற்றோடு நிறுத்தி, அடுத்த வாரம் கூட்டினால் படிக்கட்டில் தவிக்க வேண்டியிருக்காது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடைந்த இழைகளிலிருந்து வெளியேறிய மையோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை அது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சதை ஏறாமல் வலு ஏறியது எப்படி? இழைகள் தாமாக இயங்குவதில்லை. தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்புச் செல் கிளை பிரிந்து பல இழைகளை ஆள்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்புச் செல்லுக்குப் பத்து இழைகள் போல இருக்கும், கெண்டைக்கால் சதையில் ஆயிரத்துக்கும் மேல். ஒரு நரம்பும் அதன் இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. பழக்கமில்லாதவர் முழு மூச்சாக முயன்றாலும் எல்லா அலகுகளையும் போதிய வேகத்தில் முடுக்கிவிட மூளைக்குத் தெரிவதில்லை. போதாததற்கு எதிர்ப்புறத் தசையும் இறுகிக்கொண்டு முட்டுக்கட்டை போடும். முதல் சில வாரங்களில் திருந்துவது இந்த நரம்பு வேலைதான். இருக்கிற இழைகளையே கூடுதலாக அழைக்கக் கற்றுக்கொண்டீர்கள், 5 கிலோ 8 கிலோ ஆனது.

இழைக்குள்ளே புது நுண்ணிழைகள் அடுக்கப்பட்டுப் பருமன் கூடுவது மெல்ல நடக்கும், கண்ணுக்குத் தெரிய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். அதற்குக் கைகொடுப்பவை இழையின் ஓரத்தில் உறங்கும் துணைச் செல்கள். 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு சொன்னவை. சுமை ஏறும்போது இவை விழித்துப் பெருகி, இழையோடு கலந்து தம் உட்கருவைக் கொடுக்கின்றன. ஐந்தாம் வாரத்தில் அளவுநாடாவை நம்பி மனம் தளராதீர்கள். ஒரு சுற்றில் 12 முறை சிரமமில்லாமல் தூக்குவது அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்தால், அடுத்த எடைக்குப் போங்கள். அப்படி எடை ஏறிக்கொண்டே இருந்தால் சுற்றளவு பின்னாலேயே வரும்.

உங்கள் அப்பாவின் நிலைதான் இவற்றில் அவசரமாகக் கவனிக்க வேண்டியது. நடப்பது அவருடைய இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது, நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் எல்லாத் தசை இழைகளும் நடைக்கு எழுந்து வருவதில்லை.

இழைகளில் மெது வகை, விரைவு வகை என்று இரண்டு பெரும் பிரிவுகள். மெது இழையில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் சிவந்த மையோகுளோபினும் இரத்த நுண்குழாய்களும் அதிகம். நிதானமாகச் சுருங்கும், மணிக்கணக்கில் களைக்காது. கெண்டைக்காலின் ஆழத்தில் கிடந்து, நிற்கும்போது உடலைத் தாங்கும் சோலியஸ் தசையில் பெரும்பகுதி இந்த வகைதான். விரைவு இழை பருமனானது, பளிச்சென்று சுருங்கும், பெரும் விசை தரும், சீக்கிரம் களைக்கும். இதிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் 2ஏ, சட்டென்று ஓய்ந்துபோகும் 2எக்ஸ் என்று உட்பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு தசையிலும் எல்லா வகையும் கலந்தே இருக்கும், விகிதம்தான் மாறும்.

இழைகள் வேலைக்கு அழைக்கப்படும் வரிசையை நரம்பு ஆய்வாளர் எல்வுட் ஹென்மன் வகுத்துக் காட்டினார். சிறிய நரம்புச் செல்கள் முதலில், பெரியவை கடைசியில். சிறியவை மெது இழைகளை ஆள்பவை, பெரியவை விரைவு இழைகளை. எவ்வளவு விசை தேவையோ அவ்வளவு தூரம்தான் அழைப்பு மேலே போகும். சமதரையில் நடக்க மெது இழைகளும் கொஞ்சம் 2ஏ இழைகளும் போதும். ஒரு மணி நேரம் நடந்தாலும் இரண்டு மணி நேரம் நடந்தாலும் பெரிய அலகுகளுக்கு அழைப்பே போகாது. ஆண்டுக்கணக்கில் அழைக்கப்படாத விரைவு இழைகள் மெலிகின்றன.

வயது இதோடு இன்னொன்றையும் செய்கிறது. 60-க்குப் பிறகு இயக்க நரம்புச் செல்கள் குறையத் தொடங்கும். நரம்பு இறந்தால் அதன் இழைகள் அநாதைகள். பக்கத்து நரம்பு கிளை விட்டுச் சிலவற்றை எடுத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் மெது வகை நரம்பாக இருப்பதால் எடுத்துக்கொண்ட இழையும் மெது இழையாக மாறிவிடும். யாரும் எடுத்துக்கொள்ளாதவை அழிந்துபோகும். இப்படி எண்ணிக்கையும் விரைவும் சேர்ந்தே குறைகின்றன. நாற்காலியிலிருந்து எழுவதற்கு உடல் எடை முழுவதையும் ஒன்றிரண்டு வினாடியில் மேலே தள்ள வேண்டும். கால் தடுக்கினால் விழாமல் சமாளிக்க அதைவிடக் குறைந்த நேரமே கிடைக்கும். இரண்டுமே விரைவு இழைகளின் வேலை. அதனால்தான் நன்றாக நடப்பவர் எழத் தடுமாறுகிறார்.

போன இழை திரும்பாது. மிஞ்சியவற்றைப் பருக்க வைக்கலாம், அழைக்கக் கற்றுக்கொடுக்கலாம், எந்த வயதிலும். 1990-ல் மரியா ஃபியட்டரோன் குழுவினர் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன சிலருக்கு 8 வாரம் கடுமையான தொடைப் பயிற்சி கொடுத்தார்கள். வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம்தான் கூடியது. உங்கள் கையில் நடந்ததும் இதே கதைதான்: நரம்பு முந்துகிறது, சதை பின்னால் வருகிறது.

முதலில் அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத, 43 முதல் 45 சென்டிமீட்டர் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அப்பா கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரட்டும், நீங்கள் அருகில் நின்று நேரத்தைக் குறியுங்கள். 15 வினாடிக்கு மேல் பிடித்தாலோ ஐந்து முறை முடியாவிட்டாலோ தசை வலு குறைந்திருக்கிறது என்று பொருள். கையை ஊன்றாமல் எழவே முடியாது என்றால் அதையே எழுதி வையுங்கள், அதுவும் ஓர் அளவுதான்.

பயிற்சிக்கும் அதே நாற்காலி போதும். இருக்கையில் உறுதியான மெத்தைகளை அடுக்கி, கை ஊன்றாமல் 8 முறை எழ முடிகிற உயரத்தைக் கண்டுபிடியுங்கள். எழும்போது முடிந்தவரை வேகமாக, உட்காரும்போது மூன்று எண்ணும்வரை மெதுவாக. வேகமாக எழ முயல்வதே பெரிய அலகுகளுக்கான அழைப்பு, எனவே அதை விட்டுவிடக் கூடாது. 8 முதல் 12 முறை ஒரு சுற்று. இரண்டு நிமிடம் ஓய்வு. மொத்தம் மூன்று சுற்று, வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. முதல் வாரம் மட்டும் ஒரே சுற்று, ஏனென்றால் உட்காரும் பாதி அவருக்கும் மூன்றாம் நாள் வலியைத் தரும். 12 முறை வசப்பட்டதும் ஒரு மெத்தையை எடுத்துவிடுங்கள். எல்லா மெத்தையும் போன பிறகு மார்போடு 2 கிலோ எடையை அணைத்துக்கொண்டு செய்யலாம். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியையும் அன்றே சேர்த்துக்கொள்ளட்டும்.

எங்கே கெட்டுப்போகிறது என்றால், இலகுவாக இருக்கும்போதே நிறுத்திவிடுவதில்தான். ஒரு சுற்றின் முடிவில் "இன்னும் இரண்டு முறைதான் முடியும்" என்ற நிலை வர வேண்டும். சிறு எடையாக இருந்தாலும், முதலில் வேலை செய்த இழைகள் களைக்கக் களைக்க அழைப்பு பெரிய அலகுகளை எட்டிவிடும். பெரிய இரும்பு எடைகள் தேவையில்லாததற்கு இதுவே காரணம். இன்னொரு தவறு மூச்சை அடக்குவது. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். மார்பு வலி, கட்டுப்படாத இரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் கண் அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

நுண்ணிழை கட்டப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இதை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள், வயதான தசை சிறு அளவுப் புரதத்துக்கு மந்தமாகவே அசைந்துகொடுக்கும் என்பதால் ஒவ்வொரு வேளையிலும் 20 கிராமுக்குக் குறையக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்வதே அளவு.

வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாத குறிகளும் உண்டு. சில வாரங்களிலேயே வலு வேகமாகக் குறைவது, ஒரு காலோ ஒரு கையோ மட்டும் தளர்வது, கையைத் தூக்கித் தலை வாரச் சிரமப்படுவது, விழுங்கத் திணறுவது, மாலையில் இமை தொங்குவது அல்லது பொருள் இரண்டாகத் தெரிவது, தசை தானாகத் துடித்துக்கொண்டே மெலிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சிக்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென ஒரு பக்கம் தளர்ந்தாலோ வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்து புதிதாகத் தசை வலி வந்தால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லட்டும். ஓர் இரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்துவிடலாம்.

எட்டு வாரம் கழித்து அதே நாற்காலியில், நாளின் அதே வேளையில், ஐந்து முறை எழச் சொல்லி மறுபடி வினாடிகளைக் குறியுங்கள். நடைப்பயிற்சிக்குப் போகும் முன்பே அளந்துவிடுங்கள், களைத்த காலில் எடுத்த அளவு முந்தையதோடு ஒப்பிட உதவாது.